எருசலேம் திருக்கல்லறை வீரர் சபை: சிலுவை, நாடா, குருத்தோலை, சிப்பி

கத்தோலிக்கத் திருச்சபையில் பட்டங்களும் பதக்கங்களும் உண்டு என்பது பலருக்குத் தெரியும். அவை எந்த அடிப்படையில் தரப்படுகின்றன, எது உறுப்பினர் சின்னம், எது பாராட்டு, எது வெறும் அலங்காரம் என்பது அவ்வளவாகத் தெரிவதில்லை. இயேசுவின் கல்லறையின் பெயரைத் தாங்கிய எருசலேம் திருக்கல்லறை வீரர் சபை இதை விளங்கிக்கொள்ள நல்ல எடுத்துக்காட்டு. இந்தச் சபைக்குள் வழங்கப்படும் சிறப்புகள் இரண்டு திசைகளிலிருந்து வருகின்றன. படிநிலைகள் உரோமையிலிருந்து வருகின்றன. ஆண்டுகள், உழைப்பு, பொறுப்பு ஆகியவற்றைப் பார்த்து ஒருவர் ஒவ்வொரு படியாக உயர்த்தப்படுகிறார். குருத்தோலை, சிப்பி என்ற இரண்டு சிறப்புச் சின்னங்களும் எருசலேமை நோக்கியவை. அவற்றில் மிகச் சிறியதான சிப்பிதான் இந்தச் சபை எதற்காக இருக்கிறது என்பதை மற்ற எல்லாச் சின்னங்களையும்விடச் சரியாகச் சொல்கிறது என்பது என் உறுதியான எண்ணம். அதற்கான காரணம் சபையின் வரலாற்றில் இருக்கிறது.

முதலில் ஒரு குழப்பத்தை விலக்கிவிடலாம். தமிழகத்தில் 'செவாலியே' என்றதும் நினைவுக்கு வருவது 1995இல் நடிகர் சிவாஜி கணேசனுக்குக் கிடைத்த பட்டம். அது கலை இலக்கியத்துக்காகப் பிரெஞ்சு அரசு தருவது. திருச்சபைக்கும் அதற்கும் தொடர்பில்லை. திருச்சபை வட்டாரத்தில் சிலர் பெயருக்கு முன்னால் வரும் செவாலியே பட்டம் திருத்தந்தையின் விருதுகளைச் சேர்ந்தது. புனித கிரகோரியார் பெயரிலும் புனித சில்வெஸ்டர் பெயரிலும் அமைந்த விருதுகளே அவற்றில் பரவலாகத் தெரிந்தவை. ஒரு பொதுநிலையினர் பங்குக்கோ மறைமாவட்டத்துக்கோ நீண்டகாலம் தொண்டாற்றினால், ஆயரின் பரிந்துரையின் பேரில் திருத்தந்தை அந்த விருதைத் தருகிறார். பதக்கத்தைப் பெற்றவர் அதன் பிறகு எந்த அமைப்பின் கூட்டத்துக்கும் போக வேண்டியதில்லை. ஆண்டுதோறும் நிறைவேற்ற வேண்டிய கடமையும் இல்லை.

திருக்கல்லறை வீரர் சபை அப்படிப்பட்டதல்ல. அதில் ஒருவர் சேர்கிறார். தன் பங்குக்குருவும் ஆயரும் தன்னைப் பற்றி நற்சான்று தர வேண்டும். ஒரு தயாரிப்புக் காலம் உண்டு. முந்தைய இரவு திருவிழிப்பு வழிபாடு, மறுநாள் திருப்பலியில் பதவியேற்பு. அதன் பிறகு வாழ்நாள் முழுவதும் புனித நாட்டின் திருச்சபைக்காகச் செபிக்கவும், ஆண்டுதோறும் பொருளுதவி செய்யவும், முடிந்தபோது அங்கே திருப்பயணம் போகவும் கடமைப்பட்டவராகிறார். இன்று ஏறத்தாழ 30,000 பேர், சுமார் 40 நாடுகளில் இதன் உறுப்பினர்கள். தலைமையகம் உரோமையில் வத்திக்கானை ஒட்டிய டெல்லா ரோவெரே மாளிகையில் இருக்கிறது. 2019 முதல் கர்தினால் ஃபெர்னாந்தோ ஃபிலோனி பெருந்தலைவர். எருசலேமின் இலத்தீன் முதுபெரும் தந்தைக்கு, அதாவது அங்குள்ள இலத்தீன் கத்தோலிக்கரின் தலைமை ஆயருக்கு, சபைக்குள் தனி இடம் உண்டு; இப்போது அந்தப் பொறுப்பில் இருப்பவர் கர்தினால் பியர்பத்தித்தா பித்சபாலா.

சபையின் தொடக்கத்தை 1099இல் எருசலேமைக் கைப்பற்றிய சிலுவைப் போர்த் தலைவர் பூய்யோன் நகரின் கோட்ஃப்ரே காலத்துக்குக் கொண்டுபோகும் மரபு உண்டு. அதை அப்படியே வரலாறாக எடுத்துக்கொள்ள முடியாது. அந்தக் காலத்தில் திருக்கல்லறைக் கோவிலில் ஒழுங்குமுறைக் குருக்கள் இருந்தார்கள் என்பது உண்மை. கோட்ஃப்ரே ஒரு வீரர் சபையை நிறுவினார் என்பதற்கு அக்காலச் சான்று கிடையாது. நம் கைக்குக் கிட்டும் உறுதியான தடம் 14ஆம் நூற்றாண்டில்தான் தொடங்குகிறது. 1336இல் ஜெர்மானியப் பயணி ஒருவர் திருக்கல்லறையில் இரண்டு பிரபுக்களை வீரர்களாக்கியதைப் பதிந்திருக்கிறார். அப்போது சிலுவைப் போர் அரசு அழிந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. 1291இல் ஆக்கர் நகரம் விழுந்ததோடு புனித நாட்டில் இலத்தீன் கிறிஸ்தவர்களின் ஆட்சி முடிந்தது. ஆட்சியும் படையும் கோட்டையும் போன பிறகு இந்த வழக்கம் வேர்பிடித்தது என்பதைக் கவனிக்க வேண்டும். வாள் ஏந்திப் போகும் வீரர்கள் இல்லை இவர்கள். காணிக்கையும் நுழைவுக் கட்டணமும் கட்டி, அப்போது எருசலேமை ஆண்ட மம்லூக் சுல்தானின் அதிகாரிகளிடம் அனுமதி வாங்கி, கல்லறையின் முன் மண்டியிடப் போன பயணிகள்.

அந்தக் காலத்தில் திருக்கல்லறைக் கோவிலுக்குள் இலத்தீன் கத்தோலிக்கர் சார்பில் இருந்தவர்கள் பிரான்சிஸ்கன் துறவிகள். 1342இல் திருத்தந்தை ஆறாம் கிளமென்ட் அவர்களுக்கு அந்தப் பொறுப்பை அதிகாரபூர்வமாக ஒப்படைத்தார். பயணிகளை உள்ளே விட்டுக் கதவை வெளிப்புறமாகப் பூட்டிவிடுவார்கள். இரவு முழுவதும் உள்ளேயே செபமும் வழிபாடும். 1483இல் அங்கே போன ஊல்ம் நகரத்துத் தொமினிக்கன் துறவி பெலிக்ஸ் ஃபாப்ரி, தன்னுடன் வந்த பிரபுக்கள் அப்படியோர் இரவில் வீரர்களானதைப் பார்த்திருக்கிறார். சடங்கை நடத்தியவர் பிரஷ்யாவின் சகோதரர் ஜான். பிரபுக் குடும்பத்தில் பிறந்து, எல்லாவற்றையும் விட்டுச் சீயோன் மலைப் பிரான்சிஸ்கன் மடத்தில் பணிசெய்துகொண்டிருந்தவர் அவர். ஒருவரை வீரராக்க இன்னொரு வீரர் வேண்டும் என்பது அக்கால நடைமுறை. துறவிகளுக்கு அந்த உரிமை இல்லை. ஆகவே அவர் தேவைப்பட்டார். 1496 அளவில் திருத்தந்தை ஆறாம் அலெக்சாண்டர் அந்த உரிமையைப் புனித நாட்டின் பிரான்சிஸ்கன் தலைவருக்கே கொடுத்துவிட்டார். அதிலிருந்து மூன்றரை நூற்றாண்டுகள் திருக்கல்லறை வீரர்களை உருவாக்கியது ஒரு துறவியின் கை.

கோட்ஃப்ரேயின் வாள் என்றும் குதிமுள் என்றும் மரபு சொல்லும் பொருட்கள் இந்தச் சடங்கில் பயன்பட்டன. திருக்கல்லறைக் கோவிலின் பிரான்சிஸ்கன் பொருளறையில் அவை வைக்கப்பட்டிருந்தன. பிரெஞ்சு எழுத்தாளரும் அரசியல்வாதியுமான ஷத்தோபிரியான் 1806இல் அங்கே போனபோது அந்த வாளால்தான் வீரரானார். இந்த வீரர்களுக்கு உண்டு என்று ஒரு காலத்தில் சொல்லப்பட்ட சலுகைகளைப் படித்தால் வியப்பாக இருக்கும்: தூக்குமேடைக்குக் கொண்டுபோகப்படும் கைதி வழியில் எதிர்ப்பட்டால் மன்னித்து விடுவிக்கலாம், திருமுழுக்கில் இட்ட பெயரை மாற்றலாம், முறையற்ற உறவில் பிறந்த குழந்தைக்குச் சட்டபூர்வ நிலை தரலாம். எந்த அளவுக்கு இவை நடைமுறையில் இருந்தன என்பது வேறு விஷயம். ஆனால் கடலையும் கொள்ளைக்காரர்களையும் கொள்ளைநோயையும் கடந்து எருசலேமுக்குப் போய்த் திரும்பிய ஒருவரை அவர் ஊரார் எவ்வளவு உயரத்தில் வைத்தார்கள் என்பதை அந்தப் பட்டியல் காட்டுகிறது. பட்டத்தின் மதிப்பு முழுவதும் அந்தப் பயணத்தில் இருந்தது. போகாதவருக்குப் பட்டம் இல்லை.

அது 19ஆம் நூற்றாண்டில் மாறியது. 1847இல் திருத்தந்தை ஒன்பதாம் பத்திநாதர் எருசலேமில் இலத்தீன் முதுபெரும் தந்தை ஆட்சிப்பீடத்தை மீண்டும் நிறுவினார். சிலுவைப் போர் காலத்துக்குப் பின் பெயரளவில் மட்டும் இருந்த பதவி அது. முதல் முதுபெரும் தந்தையாக எருசலேமில் குடியேறியவர் ஜுசெப்பே வலெர்கா. வீரர்களை ஏற்படுத்தும் உரிமையும் பிரான்சிஸ்கன் தலைவரிடமிருந்து அவருக்கு மாறியது. அவர் கையில் ஒரு மறைமாவட்டம் இருந்தது, பணம் இல்லை. பள்ளி கட்ட வேண்டும், குருமடம் நடத்த வேண்டும், யோர்தானுக்கு அப்பாலுள்ள ஊர்களுக்குக் குருக்களை அனுப்ப வேண்டும். ஐரோப்பாவில் இருந்தபடியே இந்தப் பணிக்குத் தோள்கொடுக்க விரும்பியவர்களுக்கும் வீரர் பட்டம் திறந்துவிடப்பட்டது. 1868இல் ஒன்பதாம் பத்திநாதரே சபைக்குப் புதிய அமைப்பைத் தந்து மூன்று நிலைகளை ஏற்படுத்தினார்: பெருஞ்சிலுவை வீரர், கமாண்டர், வீரர். 1888இல் பதின்மூன்றாம் சிங்கராயர் பெண்களைச் சேர்க்க அனுமதித்தார். அந்தக் கால வீரர் அமைப்புகளில் அது மிக முந்திய முடிவு.

இன்று நாம் பார்க்கும் சின்னங்களில் பெரும்பகுதி இந்த மாற்றத்தின் பிள்ளைகள். நிலைகள், நாடாக்கள், மார்புத் தாரகைகள் எல்லாம் 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய அரசவைகளின் வழக்கம். நெப்போலியன் ஏற்படுத்திய படிநிலை விருது முறையை ஒவ்வோர் அரசும் பின்பற்றிக்கொண்டிருந்த காலம் அது. திருச்சபையும் அதே வடிவத்தை எடுத்துக்கொண்டது. சபைக்கு ஒரு சீருடைகூட இருந்தது: வெள்ளைத் துணியில் தைத்த வால்கோட்டு, கறுப்பு வெல்வெட்டுக் கழுத்துப்பட்டையும் கைமடிப்பும், தோளில் தங்கக் குஞ்சங்கள், இறகு செருகிய இருமுனைத் தொப்பி. அரசவை விருந்துக்கு ஏற்ற உடை. இப்போது அது அநேகமாக வழக்கொழிந்துவிட்டது. அந்த இழப்புக்கு வருந்த எனக்குக் காரணம் தெரியவில்லை.

மாறாமல் நின்றது சிலுவை. நடுவில் ஒரு பெரிய சிலுவை, அதன் நான்கு முனைகளிலும் குறுக்குக் கட்டை. நான்கு இடைவெளிகளிலும் நான்கு சிறு சிலுவைகள். மொத்தம் ஐந்தும் இயேசுவின் ஐந்து திருக்காயங்களைக் குறிப்பதாகப் பொதுவாக விளக்குவார்கள். கிறிஸ்துவையும் நான்கு நற்செய்தியாளர்களையும் குறிப்பதாகவும் சொல்வதுண்டு. எருசலேம் அரசின் கேடயத்தில் இது வெள்ளிப் பின்னணியில் தங்க நிறத்தில் இருந்தது. உலோக நிறத்தின் மீது உலோக நிறம் வரக்கூடாது என்பது ஐரோப்பியக் கேடயக் கலையின் அடிப்படை விதி. எருசலேமுக்காக மட்டும் அந்த விதி மீறப்பட்டது, அந்த நகரம் வேறெந்த நகரத்தையும் போன்றதல்ல என்பதற்காக என்று கேடயக் கலை நூலோர் காரணம் சொன்னார்கள். திருக்கல்லறைச் சபை இதே சிலுவையைச் சிவப்பில் பயன்படுத்துகிறது. இரத்தத்தின் நிறம், பாடுகளின் நிறம்.

இந்தச் சிலுவை சபைக்கு மட்டும் சொந்தமானதும் அல்ல. பிரான்சிஸ்கன் புனித நாட்டுப் பொறுப்பகத்தின் முத்திரையிலும் இது இருக்கிறது. 2004இல் ஜார்ஜியா நாடு ஏற்றுக்கொண்ட கொடியிலும் இதே அமைப்பு. எருசலேம் பழைய நகரில் தலைமுறை தலைமுறையாகத் திருப்பயணிகளுக்குப் பச்சை குத்தும் காப்டிக் கிறிஸ்தவக் குடும்பம் ஒன்று இருக்கிறது. அங்கே பலர் கையில் குத்திக்கொள்வது இந்தச் சிலுவையைத்தான். 1862இல் புனித நாட்டுக்கு வந்த வேல்ஸ் இளவரசர், பின்னாளில் ஏழாம் எட்வர்ட் மன்னர், தம் கையில் இதைக் குத்திக்கொண்டார். அந்தப் பச்சைக்குப் படிநிலை கிடையாது. மீனவருக்கும் மன்னருக்கும் ஒரே சிலுவை.

சபையின் இன்றைய படிநிலைகளுக்கு வருவோம். அடித்தளத்தில் வீரரும் சீமாட்டியும். அதற்கு மேல் கமாண்டர். அதற்கும் மேல் தாரகையுடன் கூடிய கமாண்டர், இவரைப் பெரிய அலுவலர் என்றும் அழைப்பார்கள். உச்சியில் பெருஞ்சிலுவை. இந்த நான்கிற்கும் அப்பால் கழுத்தார நிலை ஒன்று இருக்கிறது. மிகச் சிலருக்கே தரப்படுவது. சிலுவைச் சின்னம் கறுப்புப் பட்டு நாடாவில் தொங்கும். கமாண்டர் கழுத்தில் அணிவார். அடுத்த நிலைக்கு உயர்ந்தால் மார்பில் கதிர்வீசும் வெள்ளித் தாரகை சேரும். பெருஞ்சிலுவை பெற்றவர் தோளிலிருந்து இடுப்புக்குக் குறுக்கே இறங்கும் அகன்ற கறுப்புப் பட்டையும் தாரகையும் அணிவார். மேலே ஏற ஏறச் சின்னம் பெரிதாகிறது. சிலுவை மட்டும் அதேதான்.

சிலுவைக்கும் நாடாவுக்கும் இடையே ஓர் இணைப்பு உண்டு. ஆண்களுக்கு அது தலைக்கவசமும் ஆயுதங்களும் சேர்த்த வெற்றிச் சின்னம்; பத்தாம் பத்திநாதர் 1907இல் பெருந்தலைமையைத் தம்மிடமே எடுத்துக்கொண்ட காலத்தில் இதற்கு அனுமதி கொடுத்தார். பெண்களுக்கு அந்த இடத்தில் ஒரு வில்முடிச்சு. ஆணுக்குப் போர்க்கவசம், பெண்ணுக்கு நாடாமுடிச்சு என்ற இந்தப் பிரிவினை இன்று பார்ப்பவரின் கண்ணை உறுத்தத்தான் செய்கிறது. எனினும் ஒன்றைச் சொல்ல வேண்டும்: நிலைகள் இருபாலருக்கும் ஒன்றே; பெண்களும் பெருஞ்சிலுவை வரை உயர்கிறார்கள்.

வழிபாட்டில் பதக்கங்களைவிட மேலங்கியே முதன்மை. ஆண்களுக்கு வெள்ளை மேலங்கி, இடப்புறத்தில் சிவப்புச் சிலுவை, கறுப்பு வெல்வெட்டுத் தொப்பி. பெண்களுக்குக் கறுப்பு மேலங்கி, தங்க ஓரமிட்ட சிவப்புச் சிலுவை, தலையில் கறுப்புச் சரிகைத் துணி. புதிதாகச் சேர்ந்தவரும் கால்நூற்றாண்டு உழைத்தவரும் ஒரே மேலங்கியில் நிற்பதால் அணிவகுப்பில் தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு வேறுபாடு தெரியாது. சபையின் ஆடைமரபில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம் இதுதான்.

சபைக்கு வெளியே இருப்பவர்களுக்கென்று ஒரு விருது தனியாக இருக்கிறது. நற்சேவைச் சிலுவை என்று அதைச் சொல்லலாம். உறுப்பினராக முடியாதவர்கள், கத்தோலிக்கர் அல்லாதவர்களும்கூட, புனித நாட்டுக்கு உதவி செய்திருந்தால் அவர்களைச் சிறப்பிக்க இது பயன்படுகிறது. சாதாரணச் சிலுவை, வெள்ளித் தாரகையுடன், தங்கத் தாரகையுடன் என மூன்று நிலைகள். இதைப் பெறுவதால் எவரும் சபையில் சேர்ந்தவராக மாட்டார். புனித நாட்டில் கிறிஸ்தவர்கள் மிகச் சிறுபான்மையினர். அவர்களுடைய பள்ளிகளும் மருத்துவ நிலையங்களும் முஸ்லிம், யூத அயலாரோடும் அரசு அதிகாரிகளோடும் இணங்கித்தான் இயங்க முடியும். நன்றி சொல்ல ஒரு வழி வேண்டும் என்ற நடைமுறைத் தேவை இந்த விருதுக்குப் பின்னால் இருக்கிறது.

இனி குருத்தோலையும் சிப்பியும். எருசலேம் குருத்தோலை மூன்று வகையில் உண்டு: வெண்கலம், வெள்ளி, தங்கம். புனித நாட்டின் நலனுக்காகக் குறிப்பிடத்தக்க பணி செய்தவர்களுக்கு முதுபெரும் தந்தை இதைத் தருகிறார். நடுக்கால ஐரோப்பாவில் எருசலேமுக்குப் போய்த் திரும்பியவர்கள் குருத்தோலை ஏந்தி ஊர் திரும்பினார்கள். பார்த்தவுடனே இவர் எருசலேம் பயணி என்று ஊர் தெரிந்துகொண்டது. ஸ்பெயினின் கொம்போஸ்தெல்லாவுக்கு, புனித யாக்கோபின் கல்லறைக்குப் போனவர்கள் அந்தக் கடற்கரையில் கிடைக்கும் விசிறிச் சிப்பியைத் தொப்பியிலோ பையிலோ குத்திக்கொண்டு திரும்பினார்கள். காலப்போக்கில் சிப்பி எல்லாத் திருப்பயணிகளுக்கும் பொது அடையாளமானது. இந்த இரண்டு பழைய பயணச் சின்னங்களும் சபையின் சிறப்புச் சின்னங்களாக அதன் சட்டத்தில் இடம்பெற்றிருக்கின்றன.

திருப்பயணிச் சிப்பி, உறுப்பினராகப் புனித நாட்டுக்குத் திருப்பயணம் போனவருக்கு எருசலேமில் கொடுக்கப்படுவது. அதைப் பெற வேறு வழி இல்லை. எவ்வளவு பெரிய தொகை அளித்தாலும், எந்த நாட்டின் கிளைக்குத் தலைவராக இருந்தாலும், காலால் அந்த மண்ணை மிதிக்காதவருக்குச் சிப்பி கிடையாது. பெருஞ்சிலுவைப் பட்டை அணிந்தவரிடம் சிப்பி இல்லாமல் இருக்கலாம். சேர்ந்து சில மாதங்களே ஆன ஓர் ஆசிரியையிடம் அது இருக்கலாம். அதில் வெண்கலம், வெள்ளி, தங்கம் என்ற தரவரிசையும் கிடையாது. போனார், அவ்வளவுதான்.

இப்போது வரலாற்றோடு இதைச் சேர்த்துப் பார்க்கலாம். ஐந்நூறு ஆண்டுகள் வீரராவதற்கே எருசலேமுக்குப் போக வேண்டியிருந்தது. 19ஆம் நூற்றாண்டில் அந்த நிபந்தனை தளர்ந்தது. அதற்கு நல்ல காரணமும் இருந்தது. தளர்ந்ததன் பலனாகச் சபை வளர்ந்தது, முதுபெரும் தந்தையின் பள்ளிகள் வளர்ந்தன. ஆனால் பட்டத்துக்கும் பயணத்துக்கும் இருந்த முடிச்சு அவிழ்ந்துபோனது. அந்த முடிச்சை மீண்டும் போடுவது சிப்பி. சகோதரர் ஜான் நள்ளிரவில் கோவிலுக்குள் எந்தப் பயணிகளை வீரராக்கினாரோ, அவர்களுடன் இன்றைய உறுப்பினரை நேராகப் பிணைக்கும் ஒரே சின்னம் அதுவே. மற்றவை சபையின் நிர்வாகத்திலிருந்து பிறந்தவை.

இந்த விருதுகளைப் பற்றி எழும் கடுமையான கேள்வி ஒன்றை விட்டுவிடக்கூடாது. ஏழைகளின் திருச்சபையில் தாரகையும் பட்டையும் எதற்கு? பதவி உயர்வு கொடையின் அளவைப் பார்த்து வருகிறது என்ற ஐயம் வெளியிலும் உண்டு, உறுப்பினர்களிடையேயும் உண்டு. சபையின் தலைமை இதை மறைக்கவில்லை. 2018 நவம்பரில் உலகெங்கும் உள்ள கிளைகளின் தலைவர்கள் உரோமையில் கூடியபோது, உறுப்பினர்களின் ஆன்மிக வளர்ச்சியே சபையின் முதல் நோக்கம் என்பதைத் திருத்தந்தை பிரான்சிஸ் அவர்களுக்கு நினைவூட்டினார். கர்தினால் ஃபிலோனியும் இதையே திரும்பத் திரும்ப வலியுறுத்தி வந்திருக்கிறார். எனக்கும் இதில் ஒரு நிலைப்பாடு உண்டு. படிநிலையைக் கண்ணாகக் கொண்டு சேர்பவருக்கு இந்தச் சபை தீங்கு செய்யும். ஆனால் பணத்தின் பயனையும் பார்க்காமல் தீர்ப்புச் சொல்லக்கூடாது. சமீப ஆண்டுகளில் உறுப்பினர்களின் உதவி ஆண்டுக்கு ஒன்றரைக் கோடி யூரோவை ஒட்டியிருக்கிறது. யோர்தான், பாலஸ்தீனம், இஸ்ரயேல் ஆகிய பகுதிகளில் இலத்தீன் ஆட்சிப்பீடம் நாற்பதுக்கும் மேற்பட்ட பள்ளிகளை நடத்துகிறது. ஏறத்தாழ 20,000 மாணவர்கள், அவர்களில் முஸ்லிம் பிள்ளைகள் ஏராளம். ஆசிரியர்களின் சம்பளத்தில் இந்த உதவிக்குப் பெரும் பங்கு இருக்கிறது. பெத்லகேமுக்கு அருகே பெய்ட் ஜாலாவில் உள்ள குருமடமும் இதையே நம்பியிருக்கிறது.

தமிழகப் பங்குகளில் பெரிய வெள்ளியன்று புனித நாட்டுக்காக எடுக்கப்படும் காணிக்கையை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது உலகத் திருச்சபை முழுவதும் எடுக்கும் காணிக்கை. 1974இல் திருத்தந்தை ஆறாம் பவுல் வகுத்த ஒழுங்கின்படி நடப்பது. பெரும்பகுதி பிரான்சிஸ்கன் பொறுப்பகத்துக்குப் போகிறது. வீரர் சபையின் உதவி இலத்தீன் முதுபெரும் தந்தையின் மறைமாவட்டத்துக்குப் போகிறது. இரண்டும் சேருமிடம் ஒரே நிலம், வழிகள் வேறு. நம் ஊரில் உண்டியலில் பத்து ரூபாய் போடும் அம்மாவுக்குப் பதக்கம் எதுவும் கிடைப்பதில்லை, அவர் எதிர்பார்ப்பதும் இல்லை.

இன்னொரு எச்சரிக்கை நம் வாசகர்களுக்கு மிகவும் தேவை. பழமையான பெயர், இலத்தீனில் அச்சிட்ட சான்றிதழ், கண்ணைப் பறிக்கும் மேலங்கி ஆகியவற்றைக் காட்டி வீரர் பட்டம் 'வழங்கும்' அமைப்புகள் உலகெங்கும் உள்ளன. நடுக்காலத்திலேயே கலைக்கப்பட்ட தேம்ப்ளர் வீரர்களின் வாரிசுகள் என்றும், லாசர் பெயரிலும், யோவான் பெயரிலும் பல. பணம் கட்டினால் பட்டம். இது குறித்து வத்திக்கானின் அரசுச் செயலகம் 2012 அக்டோபரில் தெளிவான அறிக்கை வெளியிட்டது. திருப்பீடம் தன் சொந்த விருதுகளைத் தவிர இரண்டு வீரர் சபைகளை மட்டுமே ஏற்கிறது: மால்ட்டா சபையும் எருசலேம் திருக்கல்லறைச் சபையும். திருப்பீடத்தின் சொந்த விருதுகள் என்று அது பட்டியலிட்டவை ஐந்து: கிறிஸ்துவின் உயரிய விருது, தங்கக் குதிமுள், பத்திநாதர் விருது, புனித கிரகோரியார் விருது, புனித சில்வெஸ்டர் விருது. இவற்றில் முதல் இரண்டும் பல ஆண்டுகளாக எவருக்கும் தரப்படவில்லை. இவற்றுக்கு அப்பால் எந்த அமைப்பு வந்து, எந்த ஆலயத்தில் வாள் வைத்துச் சடங்கு நடத்தினாலும் அதற்குத் திருப்பீடத்தின் ஏற்பு இல்லை. உண்மையான பட்டம் மறைமாவட்ட ஆயரைத் தாண்டி வராது. ஆயருக்குத் தெரியாமல் ஒருவர் வீரராகிவிட்டார் என்றால் சந்தேகத்துக்கு இடமில்லை, அது போலி.

சிப்பி கொடுக்கப்படுவதற்கு உறுப்பினர்கள் எருசலேமுக்குப் போயாக வேண்டும். கொரோனாக் காலத்தில் அது நின்றது. 2023 அக்டோபரில் போர் தொடங்கிய பிறகு திருப்பயணக் குழுக்கள் மறுபடி வராமல் போயின. பெத்லகேமில் ஒலிவ மரத்தில் திருவுருவம் செதுக்கியும், முத்துச்சிப்பியில் சிலுவை கடைந்தும் பிழைக்கும் கிறிஸ்தவக் குடும்பங்கள், பயணிகளை நம்பியிருந்த விடுதிக்காரர்கள், வழிகாட்டிகள், ஓட்டுநர்கள் வருமானம் இழந்தார்கள். ஊரைவிட்டு வெளிநாடு போனவர்களும் உண்டு. காசாவில் இலத்தீன் கத்தோலிக்கரின் ஒரே பங்கான திருக்குடும்ப ஆலயம் 2025 ஜூலையில் தாக்கப்பட்டு மூவர் இறந்தார்கள்; மறுநாளே கர்தினால் பித்சபாலா கிரேக்க மரபுத் திருச்சபையின் முதுபெரும் தந்தையோடு அங்கே போனார். அவர் உலகத் திருச்சபையிடம் கேட்டு வருவது இரண்டு: உதவி அனுப்புங்கள், திருப்பயணிகளாகத் திரும்பி வாருங்கள். முதல் கோரிக்கைக்குச் சபையின் கிளைகள் போர்க்காலத்திலும் பணம் அனுப்பிப் பதில் சொல்லி வருகின்றன. இரண்டாவதற்கு விமானம் ஏற வேண்டும். எருசலேமின் கற்பாதையில் நடந்து, கோவிலுக்குள் இருக்கும் கல்லறை அறையின் தாழ்ந்த வாயிலுக்குள் குனிய வேண்டும். பிறகு பெத்லகேமுக்குப் போய் அந்தக் கடைக்காரரிடம் ஒரு செபமாலையாவது வாங்க வேண்டும்.